எந்த மாசம் வரச் சொல்லலாம்? குமரி மாவட்ட வாசகர்களின் இயற்கைக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் தோட்டத்து வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரு பள்ளி ஆசிரியரும் இரண்டு மூன்று விவசாயிகளும்கூட எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பொன்மனை பக்கம் எங்கள் ரப்பர் விளையில் இருந்த பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற மாதிரி விட்டிருக்கிறோம். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “சீசன் எப்போ?” குற்றாலத்துக்குச் சொல்வதுபோல நமக்கும் ஒன்று உண்டா? (வாசகி, பொன்மனை)

பதில்: ஒன்று இல்லை, நாலைந்து உண்டு. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் கிடக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இங்கே வராது. ஆகவே குளிர்காலம், கோடைகாலம் என்ற கணக்கு அவ்வளவாக உதவாது. காற்றும் மழையும்தான் இங்கே காலத்தைப் பிரிக்கின்றன. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என்று இரண்டு மழை. இடவப்பாதி உங்கள் பக்கம் நன்றாகப் பெய்யும். அதே நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மட்டும் பேயாய் அடிக்கும், மழை தூறலோடு நின்றுவிடும். மலை தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்கும் இதே காரணம். ஆகவே அந்தக் கணவாய்ப் பக்கத்து மாதக் கணக்கைப் பொன்மனையில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் விளைக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. மார்கழிக் கடைசியில் ரப்பர் இலை பழுத்து உதிரத் தொடங்கும். தையில் மரம் மொட்டையாக நிற்கும்போது, மற்ற மாதங்களில் தலைக்குமேல் சத்தம் மட்டும் கேட்கிற பறவைகளை நேரில் பார்க்கலாம். புதிதாகப் பைனாகுலர் வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல மாசம் இல்லை. தை கடைசி முதல் பங்குனி வரை கொழுந்தும் தேனும். பங்குனி, சித்திரையில் கொன்றை பூக்கும், சக்கை (பலா) முற்றத் தொடங்கும், கோடைமழை இரண்டு பெய்ததும் ஈசலும் மின்மினியும் வரும். வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை தவளைக்கும் காளானுக்கும் ஓடைக்கும் உரிய காலம். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த மாதங்களைச் சொல்லாதீர்கள், ஏமாந்து போவார்கள். ஆடி, ஆவணியில் ரப்பர் காய் வெயிலில் பட்டென்று வெடித்து, புள்ளி போட்ட மூன்று விதைகளை எறியும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். ஆவணிக் கடைசியில் ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டி வந்துவிட்டால், வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். புரட்டாசி, ஐப்பசியில் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

ஃபோனில் கேட்கிறவர்களிடம் மாதத்தைச் சொல்லும் முன், “எதைப் பார்க்க ஆசை?” என்று திருப்பிக் கேளுங்கள். அதுதான் நேர்மையான வியாபாரம்.

கேள்வி: மூன்று வருஷமாக ஒரு நோட்டில் “இன்று குயில் கூவியது”, “பிலா பூத்தது” என்று எழுதி வருகிறேன். திரும்பப் படித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எப்படி எழுத வேண்டும்? (வாசகர், திருவட்டாறு)

பதில்: நோட்டில் கண்டது மட்டும் இருக்கிறது, காணாதது இல்லை. அதுதான் கோளாறு. மாசி 10-ம் தேதி குயில் கூவியது என்று இருந்தால், 9-ம் தேதி அது கூவவில்லையா, நீங்கள் கவனிக்கவில்லையா என்பது யாருக்குத் தெரியும்? கவனித்தும் இல்லையென்றால் 0 போடுங்கள். அன்று கவனிக்கவே இல்லையென்றால் ஒரு கோடு. இந்த இரண்டையும் பிரித்து எழுதிய நோட்டுக்குத்தான் மதிப்பு.

மரத்தை நாள்தோறும் பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே மரம். உச்சிக் கொம்பு வரை கண்ணுக்குத் தெரிகிற மரமாக எடுங்கள். ஒரே இனத்தில் இரண்டு மரமாவது வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பிலாவே ஒரு மாதம் முன்பின்னாகக் காய்க்கும். ஒற்றை மரத்தை வைத்து இந்த ஆண்டு முந்திவிட்டது, பிந்திவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. கொழுந்து, முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, விரிந்த பூ, காய், பழம் என்று ஏழு கட்டம் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் “இல்லை”, “கொஞ்சம்”, “நிறைய” என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மரத்தின் மொத்தத் தழைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் கொஞ்சம், அதற்கு மேல் போனால் நிறைய. நாடு முழுக்க மரங்களைக் கவனிக்கிற சீசன்வாட்ச் திட்டத்திலும் இதே முறைதான். அதில் பிலா, மா, கொன்றை, புங்கு, வேம்பு, புளி எல்லாம் உண்டு. உங்கள் நோட்டை அதிலும் ஏற்றலாம்.

பிலாவில் ஒரு எச்சரிக்கை. தையில் “பிஞ்செல்லாம் கறுத்து உதிருது” என்று பலர் கவலைப்படுகிறார்கள். உதிர்வதில் பெரும்பாலானவை பிஞ்சே இல்லை, ஆண் பூங்கதிர். கையில் எடுத்துப் பாருங்கள்: காம்பு மெலிசாக இருக்கும், கதிர் விரல்போல ஒடுங்கி, மேலே மகரந்தப் பொடி ஒட்டியிருக்கும். பொடி உதிர்ந்தபின் பூஞ்சை பிடித்துக் கறுத்து விழுவது அதன் இயல்பு. பெண் கதிருக்குக் காம்பு தடிமன், கதிர் தொடங்கும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று தெரியும். அது பெரும்பாலும் அடிமரத்திலும் தடித்த கிளையிலும் வரும். ஆண் கதிரைக் “காய்” கட்டத்தில் எழுதிவிட்டால் அந்த வருஷக் கணக்கே பிசகும். மருந்து அடிக்கவும் ஓட வேண்டாம்.

பறவைக்கு “கண்டது”, “கேட்டது” என்று இரண்டு பத்தி வையுங்கள். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தையே ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டு முற்றத்தில் நானே மழைமானி செய்து வைத்தேன். பேப்பரில் வருகிற அளவுக்கும் என் அளவுக்கும் பொருந்துவதே இல்லை. எப்போதும் எனக்குக் குறைவுதான். எதனால்? (வாசகர், தாழக்குடி)

பதில்: முதலில் ஒன்று. பேப்பரில் வருவது அணைக்கட்டிலோ தாலுகா அலுவலகத்திலோ அளந்தது. பேச்சிப்பாறையில் கொட்டிய மழை தாழக்குடியில் பெய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்தியில் மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்றும் ஒருதரம் பாருங்கள், இரண்டு விதமாகவும் போடுகிறார்கள்.

அதைத் தாண்டியும் குறைவாக இருந்தால் மூன்று காரணம்தான். ஒன்று, இடம். பக்கத்தில் நிற்கிற தென்னை 12 மீட்டர் உயரம் என்றால் மழைமானி குறைந்தது 24 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முற்றத்தின் ஓரத்தில் வைத்தால் கூரையும் ஓலையும் மழையை மறைக்கும், சில காற்றுக்கு ஓலைச் சொட்டு உள்ளே விழுந்து அளவு கூடவும் செய்யும். இரண்டு, காற்று. உங்கள் ஊர் கணவாய்க் காற்றின் வழியில் இருக்கிறது. மானியை மதில்மேலோ மொட்டைமாடியிலோ வைத்தால் காற்று வாய்க்குமேல் சுழன்று துளியை அப்பால் தள்ளிவிடும். வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். மூன்று, ஆவியாதல். சாயங்காலம் பெய்ததை மறுநாள் மதியம் அளந்தால் குறையத்தான் செய்யும். புனல் வழியாக ஒடுங்கிய வாயுள்ள பாட்டிலுக்குள் விழும்படி செய்தால் இந்த இழப்பு பெரிதும் நிற்கும்.

10 சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று வாங்குங்கள். உள்விட்டத்தைத்தான் அளக்க வேண்டும், விளிம்போடு சேர்த்து அல்ல. அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர், ஆகவே பாட்டிலில் 7.85 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. வேறு அளவுப் புனல் என்றால், சேர்ந்த மில்லியை 10-ஆல் பெருக்கி, புனல் வாயின் பரப்பால் வகுங்கள். பாட்டில் 2 லிட்டராக இருக்கட்டும். 1 லிட்டர் பாட்டில் சுமார் 127 மில்லிமீட்டரிலேயே நிரம்பி வழிந்துவிடும், ஐப்பசி மழைக்கு அது போதாது. அளக்க மருந்துக்கடை சிரிஞ்சும் மில்லி கோடு போட்ட குவளையும் போதும்.

காலை 8.30 மணிக்கு அளந்து அன்றைய தேதியிலேயே எழுதுங்கள். வானிலைத் துறையும் அப்படித்தான் எழுதுகிறது. அதனால் ஞாயிறு சாயங்காலம் பெய்த மழை திங்கள் கணக்கில் வரும். நீங்கள் அதை ஞாயிற்றுக்கிழமையில் போட்டிருந்தால் பொருந்தாமல் போக அதுவே போதுமான காரணம். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளைத்தான் மழைநாள் என்று எண்ணுவார்கள்.

கேள்வி: தை மாசம் கொழுந்து விடும்போது ரப்பரில் தேனீ மொய்க்கிறது. ஆனால் அப்போது பூவே இல்லையே? விருந்தினர் கேட்டால் என்ன சொல்வது? (வாசகி, அருமனை)

பதில்: பூவிலிருந்து எடுக்கவில்லை, இலையிலிருந்து எடுக்கிறது. ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று மூன்றாக இருக்கும். மூன்றும் சேரும் முனையைக் கையில் கிடைக்கிற தாழ்ந்த கொம்பில் பாருங்கள்: சிறு மேடுபோலச் சுரப்பிகள் இருக்கும். இலை செம்பு நிறம் மாறிப் பச்சையாகிற நாட்களில் அங்கே தேன் துளிர்த்து நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றியதும் நின்றுவிடும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்பெட்டிகள் இந்தச் சில வாரங்களில்தான் நிறைகின்றன.

சில வருஷம் கொழுந்து விட்டும் தேன் வராது. கொழுந்துக் காலத்தில் மழைத்தூறலும் பனியும் மாறி மாறி வந்தால் சாம்பல்நோய் பிடித்து, இளம் இலையே மறுபடி உதிரும். தோட்டத்தின் அடியில் சுருண்ட பச்சைக் கொழுந்து கிடந்தால் அந்த வருஷத் தேன் குறைவு என்று தேன்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நோட்டில் எழுதவேண்டிய தேதிகள்: முதல் இலையுதிர்வு, மரம் முழுமொட்டை, முதல் செம்புக் கொழுந்து, இலை பச்சையானது. நாலே நாலு.

பெட்டியருகே விருந்தினரைக் கூட்டிப்போனால் வாசல் பக்கம் நிற்கவிடாதீர்கள், பின்பக்கமோ பக்கவாட்டிலோ நிற்கட்டும். வாசனைத் தைலம் பூசியவர்கள் தள்ளியே நிற்கட்டும்.

கேள்வி: ஜூன் மாதம் வந்த விருந்தினரைத் தேரூர் குளத்துக்கு அனுப்பினேன். “வாத்தே இல்லை” என்று திரும்பி வந்தார்கள். (வாசகர், சுசீந்திரம்)

பதில்: ஜூனில் இருக்காதுதான். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் வடக்கேயிருந்து வருகிறவை. கார்த்திகை முதல் மாசி வரைதான் கணக்கு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் எந்த நாளும் பறவை இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாத்து வராத காலத்திலும் குளம் வெறுமையாக இராது. தாமரையிலைமேல் நடக்கிற இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தைக்குத்தி நாரை எல்லாம் ஏதாவது ஒரு கரையில் கிடைக்கும். நம் குளங்களுக்குக் கால்வாய்த் தண்ணீரும் வருவதால், அணை திறப்பையும் அடைப்பையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனிக்குமேல் நீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது, ஊர் திரும்புகிற உள்ளான்கள் அந்தச் சேற்றில் இறங்கும். குளம் வற்றிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். வயல் இன்னொரு குறிப்பு: கும்பப்பூ நெல் சாகுபடிக்கு ஏலாவில் (வயல்வெளியில்) டிராக்டர் இறங்குகிற அன்று கொக்கும் நாரையும் அதன் பின்னாலேயே நடக்கும். அதைக் காட்டப் பைனாகுலர்கூட வேண்டாம்.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மறுகரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

கேள்வி: ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை வராந்தாவில் பச்சை முதுகும் நீலச் சிறகும் வாலடியில் சிவப்புமாக ஒரு குட்டைவால் குருவி சுருண்டு கிடந்தது. தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை. என்ன குருவி, என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, கீரிப்பாறை)

பதில்: ஆறுமணிக் குருவி. வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து இங்கே வருகிறது. வந்து இறங்குகிற நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைவதும், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் ஐப்பசியில் வழக்கம்.

வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறும் கொடுக்க வேண்டாம். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, குருவியை உள்ளே வைத்து மூடி, பூனை வராத இருட்டான அறையில் வைத்துவிடுங்கள். அடிக்கடி திறந்து பார்ப்பதும் படமெடுப்பதும்தான் அதைக் கொல்லும். இரண்டு மணி நேரம் கழித்துப் புதரோரம் பெட்டியைத் திறந்து விலகி நில்லுங்கள், தெம்பு வந்திருந்தால் தானே போகும். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மோதாமல் இருக்க, பெரிய கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கயிறுகளைத் தொங்கவிடலாம். கயிற்றுக்குக் கயிறு 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பிரயோசனம் இல்லை. தப்பித்த குருவி பங்குனி வரை உங்கள் விளையிலேயே இருக்கும். விடிகாலையும் அந்தி ஆறுமணிக்கும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிப்பதைக் கேட்டு அடையாளம் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருவி எதுவும் இல்லாமல் பருவமாற்றத்தைக் காட்ட ஏதாவது வழி உண்டா அண்ணாச்சி? (ஆசிரியர், தக்கலை)

பதில்: ஒரு கம்பு போதும் சார். தரைக்குமேல் சரியாக 1 மீட்டர் தெரிகிற மாதிரி நேராக நடுங்கள். தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஆண்டுச் சராசரியில் 12.20 வாக்கில். நாளுக்கு நாள் சில நிமிடம் முன்பின் ஆகும். ஆகவே 12 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் நிழல் நுனியில் கல் வைக்கச் சொல்லி, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 21 வாக்கில் நிழல் வடக்கே சுமார் 61 சென்டிமீட்டர் விழும். மார்ச் 21-ல் 14 சென்டிமீட்டர். ஏப்ரல் 11 வாக்கில் நிழலே இராது. அதன்பிறகு நிழல் தெற்கே திரும்பி, ஜூன் 21-ல் 27 சென்டிமீட்டர் ஆகும். செப்டம்பர் 1 வாக்கில் மறுபடி நிழலில்லா நாள். ஜூனில் நிழல் தெற்கே விழுவதைப் பார்த்தால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், கம்பு சாய்ந்துவிட்டது என்பார்கள். ஏப்ரல் நாள் பரீட்சைச் சமயத்தில் வருகிறது. செப்டம்பரில் மேகம் மறைக்கலாம். இரண்டுக்கும் முன்பின் மூன்று நாள் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் எங்கள் தோட்டத்தில் மின்மினி கொத்துக் கொத்தாக இருக்கும். விருந்தினருக்காகப் பாதையெல்லாம் விளக்குப் போட்டபின் காணவில்லை. (வாசகர், களியல்)

பதில்: விளக்குதான் காரணம். மின்மினி இணையைத் தேடுவது தன் ஒளியால். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அது எடுபடாது. சாயங்காலம் 7 முதல் 9 வரை பாதை விளக்கை அணைத்துவிட்டு, விருந்தினர் கையில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் கொடுங்கள். நடமாட்டத்துக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்த மஞ்சள் விளக்கு. இன்னொன்று, களைக்கொல்லி. மின்மினிப் புழு ஈரத்தரையில் நத்தையைத் தின்று வளர்கிறது. ஓடையோரம் மருந்தடித்துச் சுத்தமாக்கினால் புழுவுக்கு இடமில்லை. ஓரத்தில் மூன்று நான்கு மீட்டர் புதரை விட்டுவையுங்கள்.

இருட்டில் நடக்கிறவர்கள் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போடட்டும். ரப்பர்ச் சருகுக்குள் கிடக்கிற கூம்புமூக்கு விரியனை டார்ச் வெளிச்சத்திலும் கண்டுபிடிப்பது கடினம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது, இதற்கு அது கேட்காது. ஆனாலும் எது கடித்தது என்று தேடிக்கொண்டு நிற்காமல், கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வெள்ளையாகச் சோப்பு நுரைபோல ஒட்டியிருக்கிறது. சுரண்டிவிடலாமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: மரத்தவளையின் முட்டை அது. ஒரு வாரம் பொறுத்தால் தலைப்பிரட்டைகள் தானே நீரில் விழும். குடிதண்ணீர்த் தொட்டி என்றால், பலகைத் துண்டால் நுரையை முழுதாக வழித்து, பழைய வாளியில் ஓடைத்தண்ணீர் ஊற்றி அதன் விளிம்பில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது. விருந்தினரின் பிள்ளைகளுக்கு அந்த வாளியே நல்ல வேடிக்கை.

கேள்வி: விருந்தினருக்காக ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 10×50 நல்லதா? (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: 8×42 வாங்குங்கள். 10 மடங்கில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், புதியவர்களுக்குப் பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவரவே நேரமாகும். 50 என்றால் கழுத்தும் வலிக்கும். மழை மாதங்களில் தோலுறையில் வைத்துப் பூட்டாதீர்கள், லென்சில் பூஞ்சை படரும். மூடி இறுகுகிற டப்பாவில் நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, நீலம் திரும்பியதும் ஆறவைத்துப் போடலாம். வறுத்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம்.